பிஸ்கட் டப்பாவில் இரண்டு சீட்டு

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எனக்கென்று துண்டு விரித்து இடம் பிடித்து வைக்கும் என் அன்பு அப்பாவுக்கு,

இன்று வியாழக்கிழமை. நாளை மாலை ஏழரைக்கு நம் மர்மத் தொடர் முடிகிறது. படகு முதலாளியின் இளைய மகன் உயிரோடு திரும்புவானா, மாட்டானா என்று நாளை தெரிந்துவிடும். இத்தனை மாதம் அதற்காகத் தவித்தவள் நான். இப்போது ஏழரை மணி வராமலே போய்விட்டால் நல்லது என்று இருக்கிறது.

காரணம் தங்கச்சி கெசி.

நீங்கள் போய் ஏழு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நெஞ்சுவலி என்று நீங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் அவள் அம்மை போட்டு, கருங்குழியில் அத்தை வீட்டில் இருந்தாள். அடக்கத்துக்கும் அவளைக் கூட்டிவரவில்லை. உடம்பு தேறி வீட்டுக்கு வந்தவள் பார்த்தது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய உங்கள் காக்கிச் சட்டையை மட்டும்தான். "அப்பா ஆண்டவர்கிட்ட போயிருக்காரு" என்று எல்லோரும் சொன்னோம். ஏழு வயதுப் பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? நீங்கள் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு தினமும் கடற்கரைப் பக்கம் போனவர்தானே, சாயங்காலம் வந்தவர்தானே?

தொடரின் முதல் வாரம் நினைவிருக்கிறதா? கரையில் இரத்தம் தோய்ந்த சட்டை கிடந்தது. கொலை என்றார்கள். நீங்கள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் வைத்தீர்கள். மறுவாரம் பரிசோதனை முடிவு வந்தது. டப்பாவுக்குள் கைவிட்டு, சீட்டை எடுத்து, சபையில் வேதம் வாசிக்கிற குரலில் படித்தீர்கள்: "ஆட்டு ரத்தம்."

"எப்டிப்பா?" என்று குதித்தேன்.

"இது யோசேப்பு கதம்மா. அண்ணனுங்க தம்பிய வித்துட்டு, அங்கிய ஆட்டு ரத்தத்துல தோச்சி அப்பங்காரன்கிட்ட குடுக்கல? யாக்கோபு அத நம்பி அழுதுகினு கெடந்தாரு. புள்ள எகிப்துல ஜம்முனு இருந்தான்."

விசாரணைக்கு முன்னாலும் பின்னாலும் கைகழுவுகிற இன்ஸ்பெக்டர், கைகழுவிவிட்டு இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்து என்றீர்கள். நிரபராதியை உள்ளே தள்ளுவார் என்று இன்னொரு சீட்டு. அதுவும் பலித்தது. வாரா வாரம் பலித்தது. நான் ஒரு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் தொடரில் நடப்பதையும் வலப்பக்கம் வேதாகமத்தில் அதற்கு இணையான இடத்தையும் எழுதிவந்தேன். கெசி உங்களைத் தீர்க்கதரிசி என்றே நம்பினாள். நான் மட்டும் என்ன?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, "கடைசி வாரத்துக்கும் இப்பவே போட்டுட்டேன். எவளும் தொடக்கூடாது" என்று டப்பாவை மூடினீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பும்போது கெசிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். "எமிக்கா, யாக்கோபு தாத்தா சட்டைய மட்டும்தான பாத்தாரு?" என்றாள்.

"ஆமா."

"புள்ள உயிரோடதான இருந்தான்?"

"இருந்தான்."

"நானும் சட்டையதான் பாத்தேன்."

சீப்பு அப்படியே நின்றுவிட்டது அப்பா. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கைதூக்குகிற நான், "ஆடாம நில்லு" என்றேன். அன்றிலிருந்து அவள் ஃபிரிட்ஜைக் கடக்கும்போதெல்லாம் நிமிர்ந்து டப்பாவைப் பார்க்கிறாள். சீட்டில் 'யோசேப்பு' என்று இருந்து, தொடரிலும் பையன் திரும்பி வந்துவிட்டால்? அவள் வாசலைப் பார்ப்பாளே, அப்போது நான் எங்கே போவேன்?

அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பள இல்லாத வூட்ல இன்னாடி சீரியலு? அத நிறுத்தித் தொலைங்க" என்று கத்தினார். ஆனால் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது டப்பாவைத் தூக்கித் துடைத்து, அதே இடத்தில்தான் வைத்தார்.

நேற்று உங்கள் மாற்று டிரைவர் மதி மாமா திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும்போது பஸ்ஸை நம் தெருமுனையில் நிறுத்தினார். "இந்தாம்மா, நைனாவோட பைபிளு. டேஷ்போர்டுலயே கெடந்துச்சி. எனக்குத் தொடறதுக்கே மனசு வரல" என்றவர், கொஞ்சம் சிரித்தார். "உங்க நைனா வண்டில ஏறுறவனயெல்லாம் புடிச்சிக்குவாரு. 'சார், அந்தப் பையன் வருவானா, மாட்டானா?' பூரா சயின்டிஸ்ட்டுங்க. ஒருத்தன்கூட வாயத் தொறக்கல!"

பைபிளின் பின்னட்டைக்குள் ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. எல்லாம் உங்கள் சாய்ந்த கையெழுத்து. 'மனுஷ ரத்தம்.' 'இன்ஸ்பெக்டர் நல்லவன், விட்டுருவான்.' அத்தனையும் தொடரில் நடக்காதவை. என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு சீட்டுப் போட்டிருக்கிறீர்கள்! எது பலிக்கிறதோ அதைத் தடவி எடுத்துப் படித்துவிட்டு, மற்றதைப் பைபிளுக்குள் ஒளித்திருக்கிறீர்கள். டப்பாவுக்குள் உங்கள் கை மட்டும்தான் போகவேண்டும் என்ற சட்டம் ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

இன்று பள்ளிவிட்டு வந்ததும் டப்பாவைத் திறந்தேன். மன்னியுங்கள். உள்ளே இரண்டு சீட்டு. ஒன்றில் 'யோசேப்பு. வருவான்.' ஓரம் மடித்த இன்னொன்றில், 'ஆபேல். வரமாட்டான்.' அண்ணன் காயீனிடம் வயல்வெளியில் அடிபட்டுச் செத்த ஆபேல்.

யோசேப்பை எடுத்துவிடலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்துவிட்டு, பையன் திரும்பி வந்தால், நீங்கள் தோற்றதாக அவள் அழுவாள். வைத்துவிட்டால் காத்திருப்பாள். எத்தனை வருடம்? நீங்கள் எதை எடுத்திருப்பீர்கள் அப்பா?

இப்போது சனிக்கிழமை காலை. அம்மா தையல் கம்பெனிக்குக் கிளம்பிப் போனார். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பையன் வந்துவிட்டான். சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து நடந்து வந்து, அண்ணன்களுக்கு முன்னால் நின்று, "சாப்டீங்களா?" என்றான். படகு முதலாளி மணலில் உட்கார்ந்து அழுதார். "பாத்தியா! யோசேப்பு!" என்று கெசி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி டப்பாவை எடுத்துவிட்டாள்.

நான் எதையும் எடுக்கவில்லை அப்பா. இரண்டு சீட்டும் உள்ளே இருந்தன.

எழுத்துக்கூட்டி ஒன்றைப் படித்தாள். மற்றதைப் படித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா போங்கு! எமிக்கா, அப்பா போங்காட்டம் ஆடிகினு இருந்துகீறாரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. திடீரென்று அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்ப அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நம்மள மாதிரிதான்."

சட்டை தொங்கும் கதவைப் பார்த்தாள். "நீ அப்பாவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சட்டைய இல்ல. அப்பாவ."

"அப்பாவதான். நெத்தியில கை வெச்சேன். ஜில்லுனு இருந்துச்சி."

"முழிச்சிகினு இருந்தாரா?"

"இல்ல. கண்ணு மூடியிருந்துச்சி. அம்மா வெள்ள சாக்ஸு போட்டு விட்டாங்க."

"அப்பா சாக்ஸே போடமாட்டாரே."

"ஆமா கெசி. போடமாட்டாரு. ஒண்ணும் சொல்லாம படுத்துகினு இருந்தாரு."

அப்போதுதான் அழுதாள். ஏழு வாரத்தில் முதல்முறை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ, இப்படி உடைத்துச் சொல்லலாமோ என்று சமையலறைப் பக்கம் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து டிவியை நிறுத்திவிட்டு, ஈரக்கையோடு அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம கல்லறைக்கு இட்டுகினு போலாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

காலையில் எழுந்ததும் கெசி சட்டையை மோந்து பார்த்தாள். வாசலுக்குப் போகவில்லை. எனக்கு இன்னும் பயம் தீரவில்லை. நாளை அங்கே மண்ணைப் பார்த்ததும் என்ன கேட்பாள்? என் நோட்டின் வலப்பக்கத்தில் அதற்குப் பதில் இருக்குமா?

இந்தக் கடிதத்தைச் சபை மடலுக்குக் கொடுக்கப்போகிறேன். உங்கள் குட்டு ஊருக்கே உடையும், கோபிக்காதீர்கள். உங்கள் பஸ்ஸில் வந்த சயின்டிஸ்ட்டுகளும் படிக்கட்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாளை அவள் கையை விடமாட்டேன். அவள் என்ன கேட்டாலும், தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். என் டப்பாவில் அவளுக்கு ஒரே சீட்டுதான் இருக்கும் அப்பா.

இப்படிக்கு,
வேதாகமத்து யோபின் மகள்கள் பெயரில் நீங்கள் பெயர் வைத்த இருவரில் மூத்தவள்,
கெசியின் அக்கா,
எமீமாள்