முதல் படியில் ஒரு முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி மழை நின்ற பிறகாவது குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன். வேளைக்கு மக்காச்சோளக் கஞ்சி கிடைக்கிறது.

நம் ஊரைத் தோற்கடித்த பிறகு இந்தப் பாம்புக்குன்று நகரம் கொழுத்துவிட்டது. கோயிலுக்குமேல் கோயிலாகக் கட்டுகிறார்கள். சிற்பிகள் போதாமல்தானே என்னையும் இழுத்து வந்தார்கள்.

போன வாரம் புதுக் கோயிலின் முதல் படியைக் காட்டி மேஸ்திரி தோக் சிரித்தான். "உங்க அண்ணன் கைய கட்டிப்போட்டுக் கெடக்கற மாதிரி செதுக்குடா. வர்றவன் போறவன் எல்லாம் அவன் மூஞ்சிய மிதிக்கணும்."

போரில் அண்ணனை வெட்டியவனே அவன்தான், அம்மா. "சரிங்க எசமான்" என்றேன்.

கோணல் மூக்கு, பாதி மூடிய இடது கண் என்று அச்சு அசலாகத் தோக்கையே செதுக்கினேன். கண்ணாடி பிரபுக்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. அவனுக்குத் தன் முகம் தெரியாது. தான் வெட்டியவன் முகமும் நினைவில்லை.

படியைக் குனிந்து பார்த்தான். "த்தூ! சரியான திருட்டு மூஞ்சிடா!" என்று காறித் துப்பினான். கூலியாட்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவனிடம் உதை வாங்காதவர் இங்கே யாருமில்லை. காட்டிக்கொடுக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள்.

கொஞ்சம் காய்ந்த மிளகாயும் அண்ணனின் பழைய போர்வையும் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் ருசிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உப்பு வியாபாரி மூட்டையைத் தூக்கிவிட்டான், முடிக்கிறேன். இந்த நகரம் காடாய்ப் போனாலும் அந்தக் கல் கிடக்கும். உயிரோடு இருக்கும்வரை தினமும் காலையில் தோக் தன் முகத்தில் தானே துப்பி, தானே மிதித்து ஏறட்டும்.

உங்கள் மகன்,
யாஷ்