தைலப் பாட்டிலில் என் முகம்

திருப்பதி,
22-6-1956

டில்லியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, சந்திரம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. புத்தூர் நிலத்தில் கடலை விதைத்தாயிற்று. மழைதான் இன்னும் வரவில்லை. நம் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராசோடு சேருமா என்று எங்கே போனாலும் அதே பேச்சு. அதற்கெல்லாம் கவலைப்பட எனக்கு இப்போது மனசில் இடமில்லை.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டே வரி. மெஸ்ஸில் யாரோ வாங்கி வந்த கூந்தல் தைலப் பாட்டிலில் என் படம் இருக்கிறது, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று. அதற்குப் பிறகு அத்தைக்கு இரண்டு கார்டு வந்தது. இரண்டிலும் என் பெயரே இல்லை. நான் தப்புச் செய்திருந்தால் பேசாமல் பொறுத்துக்கொண்டிருப்பேன். செய்யவில்லை. அதனால்தான் கோபம் வருகிறது. உங்கள் மேலும்தான்.

தை மாதம் படம் அனுப்பச் சொன்னது நீங்கள். அத்தையோடு கங்கையாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். காசு கொடுத்து ஒரு படம் எடுத்தோம். அதுதான் உங்களுக்கு வந்தது. நான் எழுந்தபோது அவர், "இன்னொண்ணு சும்மாவே எடுத்துத் தர்றேம்மா, பின்னலை முன்னால போட்டுக்கோ" என்றார். அத்தையும், "சும்மாதானே, குந்து" என்றார்கள். பிறகு போய்க் கேட்டதற்கு, பிளேட் கெட்டுப்போச்சு என்றார்.

கெட்டுப்போன அந்தப் பிளேட்தான் மெட்ராஸ் அச்சகத்துக்குப் போய், கலர் மெஷினில் ஆயிரம் ஆயிரமாக வெளியே வந்திருக்கிறது. என் உதட்டில் சிவப்புச் சாயம் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது நான் பூசியதல்ல, மெஷின் பூசியது. பஸ் ஸ்டாண்டு கடையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சித்தூருக்குப் போய் வக்கீல் தோதாத்ரியைப் பார்த்தோம். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் உன்னுது. அவன் சும்மா எடுத்தது அவனுது. சட்டம் அப்படித்தாம்மா இருக்கு" என்றார். அப்போ என் மூஞ்சி யாருது என்று கேட்டேன். அதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லையாம். வெள்ளைக்காரன் போட்டது, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முகத்தை இத்தனை ஊருக்கு அனுப்புகிற மெஷின் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள் என்றார். நினைக்காதது அவர்கள். தலை குனிந்து நடப்பது நானா?

திரும்பி வந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனோம். வாசல் கண்ணாடிக்குள் அதே படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டு. கங்கையா சிரித்துக்கொண்டே, "டில்லி வரைக்கும் பேர் பரவிடுச்சே, சந்தோஷப்படும்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை உள்ளே போய், படத்தை ஆணியிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போவேன் என்று அவர் கத்தினார். "போய்ச் சொல்லுய்யா. லட்சுமம்மா அவ மருமவ மூஞ்சிய அவ வூட்டுக்கு எடுத்துக்கினு போறான்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற காலோடு கடைத்தெரு முழுக்க நடந்தே வந்தார்கள். போலீஸ் வரவில்லை. பாட்டில்களும் கடையை விட்டுப் போகவில்லை.

புதுச் சட்டம் ஒன்று பார்லிமெண்டுக்கு வந்திருப்பதாகவும், அதை ஒரு கமிட்டி பார்த்துக்கொண்டிருப்பதாகவும் வக்கீல் சொன்னார். நீங்கள் டைப் அடிக்கிற ஆபீசில்தான் அந்தக் காகிதங்கள் எல்லாம் சேருகின்றன என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன். வக்கீல் அதை இங்கிலீஷில் போட்டுக் கொடுத்தார். படம் பிடித்தவனுக்கு ஒரு உரிமை என்றால், படத்தில் இருக்கிறவளைக் கேட்காமல் அவள் முகத்தை விற்கக்கூடாது என்றும் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னார் சம்சாரம் என்று உங்கள் பெயரையும் நம் ஊரையும் மறைக்காமல் கையெழுத்துப் போட்டு, நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்தது இது ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் அலையாதீர்கள். ஏழுமலையான் உங்களைக் காக்கட்டும்.

மனு உங்கள் மேஜைக்கே வரலாம். அங்கே யாராவது பிரித்துப் படித்துவிட்டு, யார் இந்தப் பொம்பளை என்று கேட்டால், காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொள்ளாதீர்கள். என் சம்சாரம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சந்திரம்மா