கரண்டியைக் குடு, சொல்றேன்

ஆனி 5
வெயில். காற்றில்லை. துவரை காய வைத்தேன், பாதியைக் கோழி தின்றது.
சுயராஜ்யம் வந்து வருசம் திரும்பவில்லை, குளத்தங்கரைச் சர்க்கார் சத்திரத்தைப் பழுது பார்க்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் தங்க. வேலை செய்வது கதர்க் குல்லாய்த் தொண்டர் பிள்ளைகள், பெண்களும்கூட. கூலி கிடையாது, தொழில் கற்கிறார்களாம்.
குப்பம்மாளின் பேத்தி சரோஜா கையில் கொத்துக்கரண்டி!
நான் முப்பது வருசம் சித்தாள். இதே சத்திரத்துக்குச் சாந்து சுமந்தவள். ஒரே ஒரு நாள் ஆசையாய்க் கரண்டியைத் தொட்டேன். கூடச் சுமந்த குப்பம்மாள் போட்டுக் கொடுத்தாள். "பொம்பள தொட்டா செவுரு நிக்காது" என்று அன்றைய மேஸ்திரி என்னை விரட்டினான். அவள் செத்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

ஆனி 6
கடைக்குப் போனேன். புளி, உப்பு, விளக்குத் திரி. திரி மறந்து போச்சு.
வரும் வழியில் சத்திரம். சரோஜா சாந்து வீசி அடிக்கிறாள். சப், சப். மணிக்கட்டு என்ன அழகாய்த் திரும்புகிறது. வயிறு எரிந்தது.
சுவரை யாரும் நனைக்கவில்லை. பழைய செங்கல், குடம் குடமாய்க் குடித்தால்தான் சாந்தைப் பிடிக்கும். இப்போதைய மேஸ்திரி சிமெண்டு ஆள், சுண்ணாம்பு தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. விழட்டும்.

ஆனி 8
விழுந்தது! பாளம் பாளமாய்.
மத்தியானம் களி ஓர் உருண்டை கூடவே இறங்கியது.
மேஸ்திரி கத்தல்: "இன்னொரு வாட்டி வுழுந்துச்சின்னா பொம்பளைங்க எல்லாம் சாந்துச் சட்டி தூக்கப் போங்க!"
சரோஜா என்னிடம் வந்தாள். முகம் சுண்டியிருந்தது.
"ஆயா, தெனம் நின்னு பாத்துகினு போறியே. ஏன் வுழுந்துச்சி, தெரியுமா?"
"ஆங், தெரியும்."
"சொல்லேன்."
"கரண்டியக் குடு, சொல்றேன்."
"இன்னா ஆயா, இந்த வயசுல கொத்தனார் ஆவப் போறியா?"
"உங்க ஆயா மாதிரியே பேசுறடி."
நாளைக்குத் தருகிறாளாம்.

ஆனி 9
மேகமூட்டம். முட்டி வலி.
சுவரை நனைக்கச் சொன்னேன். நனைத்தார்கள். சரோஜாவின் சாந்து அப்படியே பிடித்தது. மேஸ்திரி தானே அடுத்த சுவருக்குத் தண்ணீர் தூக்கினான்.
பிறகு கரண்டி என் கையில். வீசினேன். வழிந்தது. மறுபடி வீசினேன். புடவையெல்லாம் சாந்து. குல்லாய்ப் பிள்ளைகள் சிரிப்பு. "தண்ணி பத்தல" என்றேன். பொய்.
சரோஜா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.
"ஈ ஓட்டாத ஆயா. அறையற மாதிரி அடி."
"யார?"
"யாரையாச்சும் நெனச்சிக்கோ."
நினைத்துக்கொண்டேன். ஒட்டியது.
உள்ளங்கை அகலம்தான். பக்கத்தில் அவள் அடித்த சுவர் முழுதும் வழவழவென்று. பார்க்கப் பார்க்க எரிகிறது. நாளை அவளுக்கு முந்திப் போய்க் கரண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும்.