துணிக்கொடிக்கு நட்ட கடப்பாறை

அன்புள்ள அம்மாவுக்கு, தேன்மொழியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நைனாவின் கால் வீக்கம் வடிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் என் போனுக்காக வெகுநேரம் உட்கார்ந்திருப்பாய். பலமனேரிலிருந்து எந்த ஊருக்கும் லைன் கிடைக்கவில்லை. நாங்கள் பள்ளம் தோண்டிப் புதைத்த கேபிள் அறுந்துவிட்டதாம். அதற்குள் தலைமுடி போலக் கண்ணாடி இழைகள் இருக்கின்றன. எல்லோருடைய பேச்சும் அதில் வெளிச்சமாக ஓடுமாம்.

இன்று சித்தூரில் என்ஜினீயர் அந்த இழையில் வெளிச்சம் விட்டு, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மேஸ்திரி ரங்கையா வந்து கத்தினார்.

"சரியா முப்பத்தாறாவது கிலோமீட்டராம், நம்ம கூடாரத்தாண்ட! எவன்டா கடப்பாறை போட்டவன்? ஜீப் வந்துக்கினு கீது!"

எங்களோடு மண் வெட்டும் கமலம்மா அத்தை விடவில்லை. "அங்கேர்ந்தே தெரியுதா? அப்போ காலையில நான் என்னா துன்னேன்னும் கேட்டுச் சொல்லு மேஸ்திரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் துணிக்கொடிப் பக்கம் போனது.

பாறை இருந்ததால் அங்கே முழங்கால் ஆழம்தான் தோண்டியிருந்தோம். மூடிய மண் மெத்தென்று இருக்கிறதே என்று, சனிக்கிழமை துணிக்கொடி கட்ட நான்தான் அங்கே ஒரு கடப்பாறையை இறக்கினேன். யாரும் பார்க்கவில்லை. என் பச்சைத் தாவணி இப்போதும் அந்தக் கொடியில் காய்கிறது.

நீ பயப்படாதே. திட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே குளிர் அதிகம், உன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

ஜீப் வந்துவிட்டது. எங்களோடு பள்ளம் தோண்டும் தேவேந்திரன் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நீதானா என்று மேஸ்திரி கேட்கிறார். நான் போய், அந்தத் தாவணி என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன் அம்மா.

உன் மகள்,
தேன்மொழி