நாலு மணி நேரத் தூரம்

மன்னார்குடி தாலுகா,
18-7-1973

சிங்கப்பூரில் இருக்கும் மகன் நல்லக்கண்ணுவுக்கு அம்மா ராமாயி சொல்லச் சொல்ல உன் தங்கை அம்சவல்லி எழுதுவது. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். உடனே புறப்பட்டு வா என்ற தந்தியைப் பார்த்து நீ என்ன நினைத்துப் பதறினாயோ, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் புறப்படாமல் இருந்தால் புறப்படாதே.

நடந்தது இதுதான். பண்ணை நிலத்தில் குடியிருக்கும் மனையை அவரவருக்கே எழுதித்தரும் விசாரணைக்கு அதிகாரி போன வியாழக்கிழமை வருவதாகத் தண்டோரா போட்டார்கள். நம் குடிசையை உன் பேருக்கு எழுத வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். பேருக்குரிய ஆள் நேரில் நிற்க வேண்டுமாம். உன்னோடு வேலை செய்பவர் விமானத்தில் நாலு மணி நேரத்தில் மெட்ராஸ் போய்விட்டார் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லாமல் புதன்கிழமை மத்தியானம் தந்தி கொடுத்துவிட்டார். பிறகு நான் கேட்டதற்கு, நீ கப்பலில் போனபோது நாகப்பட்டினத்தில் ஏறி ஏழு நாள் ஆனது, அதெல்லாம் அந்தக் காலம் என்றார். மறுநாள் விசாரணையில் பண்ணைக் காரியக்காரர் சாரங்கபாணி, "கடல் தாண்டிப் போனவனுக்கு இங்க கொல்லை எதுக்குய்யா?" என்று கேட்க, அப்பா "நாலு மணி நேரந்தாங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான்" என்று சொல்லிவிட்டு உன்னை அழைத்துவர ரோட்டுக்குப் போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நடவு குனிந்த இடுப்பு வலியில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் மனமில்லை. ஐந்து மணிக்கு நம் வீட்டைக் கூப்பிட்டபோது அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் மனை பண்ணையோடு போய்விடும். நாலு பேர் முன்னால் தலை நிமிராத உன் தங்கைதான் எழுந்து போனாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை. "அப்பா பஸ்ஸுக்கு நிக்கிறாங்க சார். நாங்க இங்கதான் குடியிருக்கோம். எம் பேரை எழுதிக்குங்க" என்றாள். நாளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் மனையும் போய்விடுமே என்று சாரங்கபாணி சொல்லிப் பார்த்தார். அதிகாரி காதில் வாங்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டு, கீழே பி.ஏ. என்றும் எழுதினாள்.

அப்பா கடைசி பஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்தார். மனை கிடைத்ததைச் சொன்னோம், தலையை மட்டும் ஆட்டினார். "அப்ப நாலு மணி நேரம்னு எழுதுனது பொய்யா?" என்று கேட்டார். லீவு, டிக்கெட், மெட்ராஸிலிருந்து ராத்திரி ரயில், தஞ்சாவூரிலிருந்து பஸ் என்று அம்சவல்லி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சிங்கப்பூரு கிட்டக்கதான் இருக்கு, நாமதான் தூரத்துல இருக்கோம்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். தங்கை பேரில் எழுதியதை நினைத்து நீ மனம் கோணாதே, உனக்குப் பாய் போட அதே இடம்தான்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. காளியம்மன் உன் கூடவே இருக்கட்டும். ஒன்று மறக்காதே, இனி விமானம் எத்தனை மணி நேரம் என்று எழுதாதே. நம் வாசலுக்கு வந்து சேர எத்தனை நாள் என்று எண்ணி அப்பாவுக்கு எழுது. அதுவரை அவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா
ராமாயி
(கைநாட்டு)