நான்கு ரப்பர் வளையங்கள்

மார்ச் 4

போன ஏப்ரலில் ஒரு நாள் என் மகன் காரிலிருந்த பெட்ரோலைத் தீர்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இரவு வேலைக்குப் போனான். விடியற்காலை, மருத்துவமனையில் அம்மாவோடு இருந்த மகள் கூப்பிட்டாள். புறப்பட்டேன், பெட்ரோல் தீர்ந்து கார் பாலத்தின் மேல் நின்றுபோனது. நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவனிடம் சாவி கொடுக்கும்போது கால் டேங்க் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். "மருந்துக் கடைக்குப் போய்ட்டு நேரா வந்தேன்ப்பா." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்த வாரம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பதினோரு மாதமாகிறது. பேச்சில்லை.

இன்று மகள் வந்தாள். காரை விற்றுவிடலாம் என்றாள். சரி என்றேன். எதுவும் தோன்றவில்லை.

மார்ச் 7

வாங்க வந்தவர் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். இஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. காரை வாசலில் விட்டுவிட்டு, காபிகூட வேண்டாமென்று போய்விட்டார்.

மெக்கானிக் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். "சூட்டுல இஞ்சின் ஹெட் போயிடுச்சு ஐயா. இரும்பு விலைக்குத்தான் போகும்."

"ஹெட் போன வண்டி ரேடியேட்டர் தண்ணியைக் குடிக்கும். இது ஒரு சொட்டுக் குடிக்கல. முள்ளுதான் தப்பாக் காட்டுது."

"முள்ளு எதுக்குங்க பொய் சொல்லப் போகுது? அதுக்கு என்ன கோபமா தாபமா? மனுசன்தான் சொல்வான்."

முள்ளுதான் என்றேன். "அப்ப நீங்களே பாத்துக்குங்க, பெரிய இஞ்சினியரு" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். பார்த்துக்கொள்கிறேன். முப்பது வருடம் இந்த வண்டியை வேறு யார் பார்த்தார்களாம்?

மார்ச் 8

மகளிடம் தெர்மாமீட்டர் கேட்டேன். "கேக் சுடுறதுப்பா அது. கார்ல விட்டா எனக்குத் திருப்பித் தராதீங்க" என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதை உள்ளே தொங்கவிட்டு, பிறகு ஓடவிட்டேன். தண்ணீர் எண்பத்துமூன்று டிகிரி. கொதிக்கவில்லை, குமிழிகூட இல்லை. உள்ளே முள் சிவப்பில்.

நான் சொன்னதுதான் சரி. சந்தோஷப்பட வேண்டிய இடம். உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

மார்ச் 9

இஞ்சினிலிருக்கும் சென்சாரின் வயரைக் கழற்றினால் முள் கீழே விழுகிறது. ஆக வயரில் குற்றமில்லை. புது சென்சார் வாங்கிப் போட்டேன். மறுபடியும் சிவப்பு. மீதி இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால்தான்.

மார்ச் 10

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 12

வண்டியோடு வந்த பழைய புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கம். மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. பேட்டரியின் மின்சாரத்தைக் குறைத்து மீட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. அதைப் பிடித்திருக்கும் திருகு வழியாகத்தான் எர்த். எர்த் போனால் மின்சாரம் குறையாமல் அப்படியே போகும், முள் இருப்பதைவிட அதிகம் காட்டும்.

மீட்டர் பலகையைக் கழற்றினேன். நான்கு திருகிலும் ரப்பர் வளையம், தலைக்கும் தகட்டுக்கும் நடுவில். சைக்கிள் டியூபில் கத்தரியால் வெட்டியவை, ஒன்றுகூடச் சரியான வட்டமில்லை. என் கைவேலை. மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முந்தின வாரம் என் மனைவி, "இந்தக் கடகடப்பு மண்டைக்குள்ள இடிக்குதுங்க" என்றாள் என்று நான்தான் போட்டேன். சத்தம் நின்றது. "இப்பத்தான் இது காரு" என்றாள்.

நான்கில் ஒன்று அந்தப் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகு; அதிலிருந்த ரப்பரை எடுத்துவிட்டு, துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்கினேன். இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். சூட்டு முள் நடுவில் நின்றது.

அப்போதுதான் பக்கத்து முள்ளைப் பார்த்தேன். பெட்ரோல் முள். காலையில் கால் டேங்க் காட்டியது, இப்போது சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது.

புத்தகத்தை மறுபடி படித்தேன். அந்தப் பெட்டி இரண்டு மீட்டருக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் 13

ரப்பரைப் போட்டேன், இரண்டு முள்ளும் ஏறின. எடுத்தேன், இறங்கின. மூன்று முறை. பிறகு டேங்கை வடித்து அளந்தேன். நாலேகால் லிட்டர். அன்று பாலத்தில் கேனில் வாங்கி ஊற்றிய பத்து லிட்டரில், மருத்துவமனை போய் வீடு வந்தது போக மிச்சம். அந்த நாலேகால் லிட்டரைத்தான் கால் டேங்க் என்று காட்டியிருக்கிறது. முழு டேங்க் நாற்பது லிட்டர்.

அப்படியென்றால் அன்று சாயங்காலமும் இவ்வளவுதான் இருந்திருக்கும். மருந்துக் கடை, போகவர ஒன்பது கிலோமீட்டர். அப்புறம் நான் பாலம் வரை இருபத்தெட்டு, வண்டி லிட்டருக்கு ஒன்பதுதான் ஓடும்.

அவன் நேராகத்தான் வந்திருக்கிறான்.

பதினோரு மாசமா எத்தனை பேர்கிட்ட சொன்னேன். அவன் பொண்டாட்டி முன்னாடி சொன்னேன். அவங்கம்மாவைத் தூக்கும்போது "நீ தோள் குடுக்காதே"ன்னு சொன்னேனே. அவன் விலகிப்போய் மரத்தடியில நின்னான். எதிர்த்து ஒரு பேச்சு—

வளையங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரவில்லை.

மார்ச் 14

மகள் தொலைபேசியில், "வண்டி சரியாயிடுச்சாப்பா?" என்றாள். ஆச்சு என்றேன். "அண்ணன்கிட்ட சொல்லட்டுமா? விக்கிறதுக்கு முன்னாடி அவனும் ஒரு தடவை பாக்கணும்னான்."

நீ சொல்லாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

மார்ச் 15

செய்ய வேண்டியவை.

மெக்கானிக்: வந்து முள்ளைப் பார்க்க வேண்டும். ஹெட் போகவில்லை. முள் பற்றி அவருடைய பேச்சும் தவறு.

மகள்: புது தெர்மாமீட்டர் வரும்வரை பொறுக்க வேண்டும். நானே சொல்லும்வரை அண்ணனிடம் வாய் திறக்கக் கூடாது.

வாங்க வந்தவர்: வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல்: நான். கேனை எடுத்துக்கொண்டு நடந்து. இனி முள்ளை நம்பி இல்லை, அளந்து.

மகன் வீடு: நான். ஏழு கிலோமீட்டர். முப்பத்தொன்றாம் பக்கமும் நான்கு ரப்பரும் சட்டைப்பையில். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவன் முன்னால் எடுத்து வைப்பேன், எதற்காகப் போட்டேன் என்று சொல்வேன். அவன் மனைவியும் இருக்க வேண்டும். அவள் முன்னால் சொன்னதை அவள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

மகன்: அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கதவைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை.