பரீட்சை உன் காலேஜில்தான்

ருக்ஸார்,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். இட்லி ஹாட்பேக்கில் இருக்கிறது, சட்னி ஃப்ரிட்ஜில். சாவியை எதிர்வீட்டு மயிலம்மாள் அக்காவிடம் கொடுத்துவிடு.

நேற்று உன் சிநேகிதிகள் என் புத்தகங்களைப் பார்த்துக் கேட்டபோது, "அது சும்மா தபால்ல படிக்கிறது, அம்மாவுக்குப் பொழுது போகணும்ல" என்றாய். நான் டீயோடு கதவருகில்தான் நின்றேன். ராத்திரி பேசாததற்கு அதுதான் காரணம். பாடம் இரண்டு பேருக்கும் ஒரே பி.ஏ. வரலாறுதான். உனக்குச் சந்தேகம் வந்தால் கேட்க தினமும் வாத்தியார் இருக்கிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் தையல் கடையிலிருந்து வந்து, சமைத்துவிட்டு, கண் சொருகும்வரை நானே படித்துக்கொள்கிறேன். களைப்பாக இருக்கிறதம்மா.

உன் அத்தா சவூதியிலிருந்து போன் செய்தால் பரீட்சைக்குப் போயிருக்கிறேன் என்று சொல். நான் நன்றாக எழுத துஆ செய்யச் சொல்.

அம்மா

பி.கு.: தேர்வு மையம் உன் காலேஜ்தான். மத்தியானம் நீ நாடக ஒத்திகைக்கு வரும்போது மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நானாக வந்து பேச மாட்டேன். நான் எதற்கு அங்கே வந்திருக்கிறேன் என்று உன் சிநேகிதிகளிடம் சொல்வது உன் இஷ்டம்.

பேச வருவதாக இருந்தால் ஒரு நீலப் பேனா எடுத்து வா. சாயங்காலமும் ஒரு பேப்பர் இருக்கிறது, இந்தப் பேனா தீரப்போகிறது.